ஞாயிறு மட்டும் திறக்கும் வயிறு

என் தங்கையின் கணவருக்கு வேலையிடத்தில் வைத்திருந்த பெயர் மொட்டைமாடி. தலையில் ஒரு முடி கிடையாது, நாள் முழுக்க உயரத்தில்தான் குடித்தனம். இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயரை ரூம் போட்டு யோசித்தாலும் வைக்க முடியாது. அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டி முடிக்காத பெரிய கட்டடங்களுக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் ஓர் இரும்புக் கோபுரம் நிற்குமே, அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர். நான் தரையில் நின்று அவருக்கு சிக்னல் கொடுப்பவன். எதைத் தூக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று வாக்கி-டாக்கியில் சொல்வது என் வேலை. மேலே இருக்கிறவருக்குப் பாதி இடம் கண்ணில் படாது. நான் சொன்னால்தான் உண்டு.

இதில் ஒரு சங்கடம். வீட்டில் அவர் மாப்பிள்ளை. "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்றுதான் பேசியாக வேண்டும், இல்லாவிட்டால் தங்கை ஒரு பார்வை பார்ப்பாள். வேலையிடத்தில் அந்த மரியாதைக்கெல்லாம் நேரம் இல்லை. "தூக்கு. இடது. இன்னும் இடது. மெதுவா. நிறுத்து." அவ்வளவுதான். "கொஞ்சம் நிறுத்துங்க மாப்ள" என்று நான் இழுத்துக்கொண்டிருந்தால், அதற்குள் லோடு யார் தலையிலாவது இறங்கிவிடும். அதனால் காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும் அவர் எனக்கு 'நீ'. சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் 'நீங்க'. அவருக்கு நான் எங்கேயும் எப்போதும் மச்சான்தான்.

மனிதருக்கு வாய் ஓயாது. வாக்கி-டாக்கியில் ஒருவர் பேசினால் சைட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். கம்பி கட்டுகிறவர்கள், தச்சர்கள், கான்கிரீட் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் பேச்சுதான் பாட்டுப்பெட்டி. "மச்சான், எதிர் ஆஸ்பத்திரி மாடியில ஒரு நர்ஸம்மா தனியா டான்ஸ் ஆடிப் பழகறாங்க. யாரும் மேல பாக்காதீங்க, பாவம், வெக்கப்படுவாங்க." "சூப்பர்வைசர் ஐயா, நீங்க அரை மணி நேரமா தேடற ஹெல்மெட் உங்க தலையிலதான் இருக்கு." வேலையும் ஓடும், சிரிப்பும் ஓடும். அதே சைட்டில் இன்னொரு கிரேனும் இருந்தது. அதை ஓட்டியவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அவர் வாயிலிருந்து 'சரி' என்பதைத் தவிர வேறு வார்த்தை வந்து நாங்கள் கேட்டதே இல்லை.

இனி வயிற்றுக்கு வருகிறேன். வயிற்றைப் பற்றிப் பேசாமல் மாப்பிள்ளையைப் பற்றிப் பேச முடியாது.

கிரேன் கூண்டில் கழிப்பறை இல்லை. சின்ன விஷயத்துக்கு ஒரு பாட்டில் இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பெரிய விஷயத்துக்கு ஒரே வழி, ஏணியில் இறங்கி வருவது. இறங்கி, போய், திரும்ப ஏறி முடிப்பதற்குள் கீழே மொத்த வேலையும் நின்றுவிடும். கான்கிரீட் கொட்டுகிற நாளில் அப்படி நின்றால் எல்லோர் கண்ணும் கிரேன்காரர் மேல்தான். மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு ஒரு சைட்டில், அப்படி ஒரு நாள் அவசரமாக இறங்க நேர்ந்தது. அவர் பாதி ஏணியில் இருக்கும்போதே எதற்காக இறங்குகிறார் என்று அங்கிருந்த மேஸ்திரி வாக்கி-டாக்கியில் ஊருக்கே அறிவித்துவிட்டான். கீழே வந்து சேர்ந்தபோது வரிசையாக நின்று கைதட்டினார்கள். எதையும் சிரித்துத் தள்ளுகிற மனிதர், அதை மட்டும் சிரித்துத் தள்ளவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு முறை கண்டுபிடித்தார். வேலை நாளில் இறங்கவே தேவையில்லாதபடி வயிற்றைப் பூட்டி வைப்பது. வெள்ளை ரொட்டி, க்ரீம் பிஸ்கட், தோலுரித்த உருளைக்கிழங்கு, கடுந்தேநீர். கீரையா, கிட்டே வராதே. பழம், பயறு, முழுத் தானியம் எதற்கும் அனுமதி இல்லை. தண்ணீர் தொண்டை நனைகிற அளவுக்கு. வயிறு லேசாக உறுமினால் உடனே பேதியை நிறுத்துகிற மாத்திரை ஒன்று. அதோடு விட்டாரா என்றால் இல்லை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கின ஆன்டிபயாட்டிக்கையும் கூடவே ஒன்று போட்டுக்கொள்வார், எதற்கும் இருக்கட்டும் என்று. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்வார்களே, அதை இவரைப்போல எழுத்துக்கு எழுத்து செய்தவர் யாரும் இருக்க முடியாது.

இதில் பெருமை வேறு. "மத்த ஆபீஸெல்லாம் ஞாயிறு மூடும் மச்சான். என் ஆபீஸ் ஞாயிறு மட்டும்தான் திறக்கும்" என்பார். புதிதாக வரும் கிரேன்காரர்களுக்கு இந்த முறையைப் பாடமாகவே எடுப்பார். நானும் இதைப் பெரிய சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். சைட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

பிறகு, எப்போது என்று குறிப்பாகச் சொல்ல முடியாதபடி, அவர் பேச்சு குறைந்தது. முதலில் நர்ஸம்மா போனார். அப்புறம் சூப்பர்வைசரின் ஹெல்மெட் போயிற்று. கடைசியில் "சரி", "ஆச்சு", "சரி" மட்டும் மிஞ்சியது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மாப்பிள்ளை பேசுகிறாரா, கோட்டான் பேசுகிறாரா என்று தெரியாது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும், அதை ஒளிக்கவும் தெரியாது. தங்கையோடு சண்டை போட்டுவிட்டு அதை என்மேல் காட்டுகிறார் என்று முடிவு கட்டி அவளுக்கு போன் செய்தேன்.

"சண்டை போட்டாக்கூட பரவால்லண்ணா, வாயத் தொறக்கறாருன்னு சந்தோஷப்படுவேன்" என்றாள். முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள் அவள், நாள் முழுக்க நாலு பேரோடு பேசிக்கொண்டே இருப்பவள். "வந்தா நாற்காலியில உக்காந்துடறாரு. டிவி ஓடுது, பாக்கறதில்ல. காலையில விரலெல்லாம் வீங்கி மடக்க முடியல. வயிறு உப்பி கல்லு மாதிரி இருக்கு. கையில தடிப்பு தடிப்பா வருது. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. வீட்ல யாரோ ரேடியோவ அணைச்சு வச்ச மாதிரி இருக்குண்ணா."

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. விரலுக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், வாயுவுக்கு ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எழுதித் தந்தார்கள், அலமாரியில் மாத்திரைக்கு இடம் போதவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாலும் இவர் சொல்லியிருக்க மாட்டார். ஏனென்றால் கிரேன் ஓட்டுகிறவர் உடம்பிலும் மனசிலும் தகுதியாக இருக்கிறார் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் மேலே ஏற விடுவார்கள். மனசு சரியில்லை என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் கூண்டு போய்விடும். அந்தக் கூண்டுதான் அவருக்கு எல்லாம்.

ஒரு நாள் முற்பகலில், கான்கிரீட் நிரப்பிய தொட்டி ஒன்றை நாலாவது தளத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். "நிறுத்து" என்றேன். தொட்டி நிற்கவில்லை. "நிறுத்து!" என்று கத்தினேன். சாரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் தலைக்கு ஒரு கை உயரத்தில் வந்து தொட்டி ஆடி நின்றது. தச்சருக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் அவர் ஆணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் வாக்கி-டாக்கியில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேலேயிருந்து ஒரே பதில் வந்தது.

"சரி."

மன்னிப்புக் கேட்டிருந்தால் சமாதானமாகியிருப்பேன். திருப்பித் திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அந்த உப்புச்சப்பில்லாத 'சரி'யைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது. உடனே இரண்டு வேலை செய்தேன். சூப்பர்வைசரிடம் போய், இன்று இந்தக் கிரேன் ஓடாது, நான் சிக்னல் கொடுக்க மாட்டேன் என்றேன். அப்புறம் ஏணியில் ஏறினேன்.

இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே என்னை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கிரேனுக்குக் கீழேயே காலம் தள்ளியவன், அன்றுவரை அதன் முதல் படியில் கால் வைத்ததில்லை. ஆனால் வாக்கி-டாக்கியில் பேசினால் ஊரே கேட்கும், அவரோடு தனியாகப் பேச வேறு வழி இல்லை. கீழே பார்க்காமல், மேலேயும் பார்க்காமல், எதிரில் இருந்த கம்பியை மட்டும் பார்த்துத் திட்டிக்கொண்டே ஏறினேன். கூண்டுக்குள் போய் விழுந்தபோது பேச மூச்சு இல்லை. அவர்தான் தண்ணீர் கொடுத்தார். ஒரு பாட்டிலை நீட்டினார், நான் சந்தேகமாகப் பார்த்தேன், "இது நல்ல பாட்டில்தான்" என்றார்.

காலடியில் பிஸ்கட் உறைகள் மெத்தை போலக் கிடந்தன. கண்ணாடி ஓரத்தில் மாத்திரை அட்டைகள், பாதிக்கு மேல் காலி. அந்தக் கூண்டு வேலையிடமா, வீடா என்று எனக்குப் பிடிபடவில்லை. வாயில் 'நீங்க' என்றுதான் வந்தது.

"என்ன மாப்ள ஆச்சு உங்களுக்கு?"

எதிர் ஆஸ்பத்திரியைக் கையால் காட்டினார். "தெரியல மச்சான். முன்னெல்லாம் இங்கேருந்து பாத்தா எல்லாம் தெரியும். இப்பவும் தெரியுது. ஆனா பாக்கணும்னு தோணல. நீ நிறுத்துன்னு சொன்னது காதுல விழுந்துச்சு. கை போகல. அந்த ஆளு தலையில..." முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. பயத்தில் பாதி, பாசத்தில் பாதி.

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க."

"சொன்னா கூண்டு போயிடும் மச்சான்."

"கூண்டு போனா போகட்டும். நீங்க போயிடாதீங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். அதுவரைக்கும் உங்க கொக்கிக்குக் கீழ நான் ஒரு ஆளையும் நிக்க விடமாட்டேன்."

இறங்குவதற்கு அவர்தான் எனக்கு முன்னால் இறங்கி, ஒவ்வொரு படியிலும் என் காலைப் பிடித்து வைத்தார்.

எங்கள் தெருமுனை கிளினிக்கில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அதிகம் பேசாதவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கடைசியில், "நேத்து காலையிலேருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்றார். அவ்வளவுதான், மனிதருக்கு அந்த நிலையிலும் பழைய பெருமை எட்டிப் பார்த்தது. ரொட்டி, பிஸ்கட், மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வரை விளக்கிவிட்டார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

பரிசோதனைகள் செய்து பார்த்ததில் குடலின் உள்பக்கம் புண்ணாகியிருந்தது தெரிந்தது. நாள்பட்ட அழற்சி நோய். முழுசாகப் போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம். விரல் வீக்கமும் தோல் தடிப்பும் அதன் பங்காளிகள்தான் என்றார். அப்புறம் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"உங்க குடலுக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கு. எல்லாம் கெட்டது இல்ல. நம்மால ஜீரணிக்க முடியாத நார்ச்சத்தத்தான் அதுல பலதும் சாப்பிடுது. சாப்பிட்டுட்டு, குடல் சுவருக்கு வேண்டியத தயாரிச்சுக் குடுக்குது, அழற்சியையும் அடக்குது. நீங்க அதுங்களுக்கு சாப்பாடும் போடல, அதுக்கு மேல தேவையில்லாம ஆன்டிபயாட்டிக் வேற போட்டிருக்கீங்க."

"அதுக்கும் மனசுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு நீளமான நரம்பு ஓடுது. ரெண்டு பக்கமும் சேதி போகும். ஆனா மேலேருந்து கீழ வர்றதவிட, கீழேருந்து மேல போற சேதிதான் ரொம்ப ஜாஸ்தி."

மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இத்தனை காலமாக நாங்கள் செய்கிற வேலையல்லவா அது. "அப்ப மச்சான்தான் என் குடல்" என்றார். பல மாதங்களில் அவர் அடித்த முதல் ஜோக், அதுவும் என் தலையில்தான் விடிந்தது.

டாக்டரம்மா சிரிக்காமல் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. பிஸ்கட்டாலதான் உங்களுக்கு மனச்சோர்வு வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். மனச்சோர்வு இருக்கறவங்க குடல்ல சில நுண்ணுயிர்கள் குறைவா இருக்கறதப் பாத்திருக்காங்க. எது முதல்ல, எது பின்னாலன்னு இன்னும் உறுதியாத் தெரியல. நாள்பட்ட வலியே மனச அடிச்சுப் போடும். தனிமையும் அடிக்கும். அதனால குடலுக்கு மருந்து தர்றேன், மனநல டாக்டர்கிட்டயும் அனுப்பறேன். சாப்பாட்டையும் மாத்துங்க. மெதுவா மாத்துங்க. அவசரப்பட்டா வயிறு சண்டைக்கு வரும். அப்புறம் வயித்த அடக்கறத விடுங்க. வந்தா உடனே போயிடுங்க."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். கிளினிக்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உடனே போக வேண்டுமாம். பாவம், அந்தம்மாவுக்கு டவர் கிரேனைப் பற்றி என்ன தெரியும்.

கூண்டு போயிற்று. அதாவது, உடம்பு தேறும்வரை மேலே ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி அவரைச் சாமான் அறையில் போட்டது. அவர் இடத்துக்கு வந்த கிரேன்காரன் வேலை தெரிந்தவன்தான், ஆனாலும் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அவன்மேல் ஒரு தப்பும் இல்லை, வேறு யாரோ அந்தக் கூண்டில் இருந்ததுதான் பிடிக்கவில்லை.

வீட்டில் தங்கை களத்தில் இறங்கினாள். பாதிக் காய்கறிக் கடையை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். குடலில் இருக்கிறவர்களுக்கு அவள் வைத்த பெயர் குடித்தனக்காரர்கள். "உங்க குடித்தனக்காரங்க சாப்ட்டாங்களா?" என்றுதான் கடையிலிருந்து போன் செய்வாள். மாப்பிள்ளை முதல் வாரமே டாக்டர் பேச்சைக் காற்றில் விட்டுவிட்டு, சீக்கிரம் தேற வேண்டும் என்று ஒரே வேளையில் ஒரு சட்டி பயறு சாப்பிட்டார். அன்று முழுக்க அந்த வீட்டில் ஜன்னல்களை மூட முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். தங்கை விசிறிக்கொண்டே, "பட்டினி கிடந்தவங்களக் கூப்ட்டு ஒரே நாள்ல விருந்து வச்சா இப்படித்தான் ரகளை பண்ணுவாங்க" என்றாள். அதன்பிறகு ஒரு கரண்டி பயறு, கொஞ்சம் கீரை, ஒரு கிண்ணம் தயிர் என்று ஒழுங்குக்கு வந்தார்.

தேறியது நேர்கோட்டில் இல்லை. ஒரு வாரம் நன்றாக இருப்பார், அடுத்த வாரம் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். மனநல டாக்டர் மாத்திரையை ஒருமுறை மாற்றினார். சாயங்காலம் அவரோடு நானும் நடக்கப் போனேன், முட்டி வலியோடு. பிறகு ஒரு நாள் விரல்கள் மடங்கின. ஒரு நாள் டிவியைப் பார்த்துத் திட்டினார், தங்கை உடனே எனக்கு போன் செய்து அழுதாள். இதில் எது வேலை செய்தது, மாத்திரையா, பேச்சா, பயறா, நடையா? டாக்டரம்மாவே அடித்துச் சொல்லாதபோது நான் யார் சொல்ல?

தகுதி வந்துவிட்டது என்று கையெழுத்துப் போடும்போது டாக்டர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தேவைப்படும்போதெல்லாம் இறங்க விட வேண்டும். நான் அந்தத் தாளோடு சூப்பர்வைசரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, மேலேயிருந்து வருகிற திட்டைக் கீழே கடத்திவிடுகிறவர், அவ்வளவுதான்.

"கான்கிரீட் காத்திருக்காதுய்யா" என்றார்.

"பலமா காத்து அடிச்சா கிரேன நிறுத்தறீங்கல்ல? அப்ப மட்டும் கான்கிரீட் காத்திருக்குதா?"

"அது வெளியில அடிக்கிற காத்துய்யா."

"இது உள்ள அடிக்குது. உங்களுக்கு எங்க அடிச்சா என்ன?"

அவர் சிரிப்பை அடக்க முடியாமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "கொட்டற நாள்ல மட்டும் கொஞ்சம் பாத்து செய்யுங்க" என்று ஒரு வாலையும் ஒட்டினார்.

மாப்பிள்ளை திரும்ப மேலே போனார். கக்கூஸ் என்ற சொல்லை ஊரறியச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. அதனால் ஒரு சங்கேதம் வைத்துக்கொண்டோம். "மச்சான், கண்ணாடி துடைக்கணும்" என்பார். நான் நிறுத்துவேன், அவர் இறங்குவார். வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. சொன்ன இடத்தில் சொன்னபடி லோடு நின்றது. ஆனால் அவர் பேசவில்லை. வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. உடம்பு திரும்பியது, கை திரும்பியது, ஆள் இன்னும் திரும்பவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் வாக்கி-டாக்கியைக் காதோரம் வைத்துக்கொண்டு அந்த நர்ஸம்மாவுக்காகக் காத்திருந்தேன். மறுபடி பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறாரோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மேல்தளத்துக்குக் கான்கிரீட் கொட்டுகிற நாள் வந்தது. இரண்டு கிரேன்களும் ஓடின. கேட்டுக்கு வெளியே வரிசையாக லாரிகள். வெள்ளை ஹெல்மெட் போட்ட பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சூப்பர்வைசர் தலையில் தீ பிடித்தவர் போல ஓடிக்கொண்டிருந்தார். அப்போது வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மச்சான், கண்ணாடி துடைக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் குறுக்கே பாய்ந்தார். "இப்ப கண்ணாடியும் வேணாம், கிண்ணாடியும் வேணாம்! லாரி நிக்குதுய்யா! அப்புறம் துடைச்சுக்கலாம்!"

எனக்குக் கூண்டின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. பிஸ்கட் உறை, மாத்திரை அட்டை, உம்மென்று கண்ணாடியைப் பார்க்கும் ஒரு முகம். இப்போது 'சரி' என்று ஒரு சொல் வரும், வந்தால் அவ்வளவுதான், திரும்ப முதலிலிருந்து. சூப்பர்வைசரின் பரம்பரையையே இழுப்பதற்காக நான் பொத்தானை அமுக்கப் போன நேரம், மேலேயிருந்து குரல் வந்தது.

"சூப்பர்வைசர் ஐயா, கண்ணாடி பளிச்சுன்னுதான் இருக்கு. நான்தான் கக்கூஸ் போகணும்."

எங்கேயோ ஒரு சுத்தியல் நின்றது.

"பெரிய ஐயாங்களுக்கும் வணக்கம். மேலேருந்து பாத்தா உங்க ஹெல்மெட்டெல்லாம் வரிசையா முட்டை அடுக்கி வச்ச மாதிரி அழகா இருக்கு. கான்கிரீட் இறுகறதுக்குள்ள வந்துடறேன். அது இறுகினா உடைச்சுக்கலாம். நான் இறுகினா மறுபடி ஒரு வருஷம் ஆகும், எங்க மச்சான் வேற ஏணியேறி வரணும், அவருக்கு உசரம் ஆகாது."

முதலில் தச்சர் சிரித்தார், அன்று தலை தப்பியவர். அப்புறம் கம்பிக்காரர்கள். சிரிப்பு தளம் தளமாக இறங்கி லாரிகள் வரை போனது. நான் சிரிக்கவில்லை. என்னால் முடியவில்லை, கண் மறைத்துவிட்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் வாக்கி-டாக்கியில் இன்னொரு குரல் கேட்டது. யாருடையது என்று எங்களுக்கு முதலில் தெரியவே இல்லை.

"நானும் போகணும்."

ஊமைக்கோட்டான். எல்லோரும் இரண்டாவது கிரேனை அண்ணாந்து பார்த்தோம். மாப்பிள்ளையின் பாடத்தை அவரும் படித்திருந்தார் என்பதும், யாரிடமும் சொல்லாமல் அவரும் பூட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சிக்னல்காரன் நிறுத்து என்றால் நிறுத்தியே ஆக வேண்டும், பெரிய முட்டையானாலும் கேள்வி கேட்க முடியாது. அதுதான் சட்டம். "ரெண்டு கிரேனும் நிறுத்து" என்றேன். அப்புறம், கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, ஊரே கேட்கிற வாக்கி-டாக்கியில், என்னை அறியாமல் சொன்னேன்.

"மெதுவா இறங்குங்க மாப்ள."

இருவரும் ஆளுக்கொரு ஏணியில் இறங்கி வந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. சூப்பர்வைசர் வழியில் கிடந்த ஒரு கம்பியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு நகர்ந்து நின்றார்.

கீழே இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. பிளாஸ்டிக் பெட்டி, நீலக் கதவு. இருவரும் ஒரே நேரத்தில் அதன் முன்னால் வந்து நின்றார்கள். கோட்டானுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவர் இவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நீ முதல்ல போப்பா" என்றார் மாப்பிள்ளை. "நான் எத்தனையோ வருஷம் அடக்கின ஆளு. இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்குவேன்."

கோட்டான் உள்ளே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. மாப்பிள்ளை வெயிலில் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டு, "மச்சான், அந்த ஆஸ்பத்திரி மாடியில இன்னைக்கு என்ன கூத்து தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.